குடிலில் கூடிய குடும்பம்



தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழ்கின்ற நாம் கோடைக்காலத்தில் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் கேட்பது, “இந்த ஆண்டு ஊருக்குப் போகவில்லையா?” என்னும் கேள்விதான். டில்லியில் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் அரசாங்க ஊழியம் பார்த்த எங்களுக்கு அதற்கு விடை சொல்வது ஒருகாலத்தில் மிகவும் எளிதாக இருந்தது. பள்ளிக்கூடம் மூடியதும் விடுமுறைப் பயணச் சலுகையைப் பெற்றுக்கொண்டு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஏறி, தண்ணீர்க் கூஜாவும் புளியோதரைப் பொட்டலமுமாகப் புறப்பட்டுவிடுவோம். கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லைக் கிணறு எல்லாம் அமைந்த வீடு. உடன்பிறந்தார் ஐவரின் மக்களும் இரவில் அந்தக் கூடத்தில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். எந்தக் குழந்தை எந்தத் தாயுடையது என்று விளக்கை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வீடு இப்பொழுது எங்களுடையது அன்று. பெரியவர்கள் காலமான பின் பாகம் பிரிந்தது. பங்காளிகள் ஐவரும் ஐந்து ஊர்களில் இருந்தோம், பூட்டிய வீட்டிற்குள் மழை இறங்கிற்று, விற்றுவிட்டோம். விற்ற தொகையை ஐந்தாகப் பிரிக்க முடிந்தது. அந்தக் கூடத்தைப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. ஊரில் வீடில்லாத குடும்பம் இனி எங்கே கூடுவது? நேயர்களில் பலரும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறோம். நாங்கள் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் இதற்கு அரைகுறையான ஒரு விடை கிடைத்தது. கேளிக்கைப் பூங்கா ஒன்றைச் சேர்ந்த காட்டுக்குள் அமைந்த சிறு குடில்தான் அந்த இடம். அங்கே நான்கு நாள் தங்கிய அனுபவத்தையே இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நாங்கள் குடியிருப்பது டில்லியின் தென்மேற்கிலுள்ள துவாரகாவில். பப்பன்கலான் என்று முன்பு வழங்கிய பகுதி அது. எங்களைப்போல் ஓய்வு பெற்ற தமிழர் பலர் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் அங்கே வீடு பெற்றிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் கடைசி நாளன்று மெட்ரோ ரயில் வந்த பிறகு, நகரத்திற்கு வெகு தொலைவில் இருக்கிறோம் என்ற குறையும் நீங்கிற்று. விமான நிலையம் அருகில் இருப்பதால் மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டு முகப்பில் நின்றால் விமானம் தாழப் பறந்து போவதைக் காணலாம். அவற்றுள் ஒன்றில்தான் எங்கள் மகன் அமெரிக்காவுக்குப் போனான். அட்லாண்டா நகரில் வேலை பார்க்கிறான். பத்தாண்டுகளில் மூன்று முறை வந்தான். அவன் மக்கள் இருவர்: பன்னிரண்டு வயதுப் பையனும் எட்டு வயதுப் பெண்ணும். அவர்களுக்கு நாங்கள் கைப்பேசியில் தோன்றும் இரண்டு முகங்கள். தமிழில் பேசினால் ஓரளவு விளங்கிக்கொள்வார்கள். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

குழந்தைகளைக் கும்பகோணத்திற்கு அழைத்து வரும்படி நாங்கள் கேட்டோம். குழந்தைகளோ ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவுக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். இருதரப்பையும் கேட்ட மகன், நாங்கள் அங்கே வந்தால் 2025 நவம்பர் இறுதி வார விடுமுறையில் எல்லாருமாகப் பூங்காவுக்குப் போகலாம் என்றும், ஓட்டலில் தங்காமல் பூங்காவைச் சேர்ந்த காட்டுக் குடிலில் தங்கலாம் என்றும் எழுதினான். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு செலவு செய்து, கடல் கடந்து போய், காட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் படுப்பானேன் என்றோம். அதற்கு அவன் சொன்ன பதில் இது: “ஓட்டலில் தங்கினால் நீங்கள் ஓர் அறை, நாங்கள் ஓர் அறை. எங்கள் வீட்டில் தங்கினாலோ நான் அலுவலில் இருப்பேன். பிள்ளைகள் அவரவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குடிலில் அப்படி முடியாது, அப்பா. ஒரே வாசல், ஒரே அடுப்பு.” இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

கேளிக்கைப் பூங்கா எங்களுக்கும் புதிதன்று. 1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுகளின் சின்னமான அப்பு என்ற யானைக்குட்டியின் பெயரால், 1984 நவம்பர் 19ஆம் நாள் பிரகதி மைதானத்தில் ‘அப்பு கர்’ திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். மகன் சிறுவனாயிருந்தபோது சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவனை அங்கே கூட்டிச் சென்றிருக்கிறோம். 2008இல் அது மூடப்பட்டது. நாங்கள் தங்கப்போகும் இடமும் ஒரு நவம்பர் 19ஆம் நாள்தான் திறக்கப்பட்டது என்றும், ஆண்டு மட்டும் 1971 என்றும் மகன் சொன்னபோது இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அதன் பெயர் ஃபோர்ட் வில்டர்னஸ். வால்ட் டிஸ்னி 1966இல் காலமானார். அவர் எண்ணியிருந்த ஃபுளோரிடாப் பூங்காவை அவருடைய தமையனார் ராய் டிஸ்னி 1971 அக்டோபரில் திறந்து வைத்தார். அடுத்த மாதமே, பூங்காவை ஒட்டிய ஏரிக்கரையில், பைன் மரமும் சைப்ரஸ் மரமும் அடர்ந்த சுமார் 750 ஏக்கர் நிலத்தில் இந்த முகாம் திறக்கப்பெற்றது. பெரிய ஓட்டல்களைக் கட்டியவர்கள் கூடாரம் அடிக்கவும் இடம் ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் காரின் பின்னே வண்டி வீடு ஒன்றைப் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றின. அவர்களுக்கு வேண்டியவை நிழலும் தண்ணீரும் மின்சாரமுமே. 1969இல் விஸ்கான்சின் மாநிலத்தில், யோகி என்னும் சித்திரக் கரடியின் பெயரோடு இத்தகைய முகாம் ஒன்று தோன்றியிருந்தது. சொந்தமாக வண்டி வீடு இல்லாதவர்களுக்கு ஃபோர்ட் வில்டர்னஸில் வண்டி வீடுகளையே வாடகைக்கு விட்டார்கள். பிற்காலத்தில் அவற்றின் இடத்தில் மரக்குடில்கள் வந்தன. 2024இல் அவையும் மாற்றப்பட்டுப் புதிய குடில்கள் வைக்கப்பட்டன.

இதைக் கேட்டதும் எங்களுக்கு நம் ஊர் வண்டிப்பேட்டை நினைவுக்கு வந்தது. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, அரிசியும் பருப்பும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் திருவிழாவுக்குப் போனவர்கள் அல்லவா நம் முன்னோர்? தோப்பில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, வண்டியின் அடியிலேயே உறங்கித் தேர் பார்த்துத் திரும்பினார்கள். வண்டி இல்லாதவர்க்குச் சத்திரங்கள் இருந்தன. இராமேசுவர யாத்திரைப் பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. ஆகவே, கேளிக்கை நடக்கும் இடத்தருகே குடும்பத்தோடு தங்கிச் சமைத்து உண்பது நமக்கு அந்நிய வழக்கம் அன்று. நாம் அதை மறந்து சில தலைமுறைகள் ஆயின, அவ்வளவுதான்.

பெட்டி கட்டும்போதே முதற்பாடம் கிடைத்தது. அரிசியும் கறிவேப்பிலையும் எடுத்துவரக் கூடாது என்று மகன் எச்சரித்திருந்தான். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு எங்கே தங்கள் நாட்டில் புகுந்துவிடுமோ என்ற அச்சத்தால், அது காணப்படும் நாடுகளிலிருந்து பிரயாணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா தடுத்திருக்கிறது. கறிவேப்பிலையின் கதை இன்னும் விந்தையானது. ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு கொடிய நோய் 2005இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்வதுண்டு. நம் தாளிதத்திற்கும் அயல்நாட்டு உழவனின் தோப்புக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. மிளகாய்த்தூள், கடுகு, பெருங்காயம், வறுத்து அரைத்த பொடிகள் ஆகியவற்றோடு புறப்பட்டோம்.

அட்லாண்டாவிலிருந்து காரில் ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் பயணம். அந்தி வேளையில் முகாமை அடைந்தோம். நெடுமரங்களுக்கு இடையே பாதைகள் வளையம் வளையமாகச் செல்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் இருமருங்கிலும் குடில்கள். காரைக் குடிலின் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். முகாமுக்குள் பஸ்ஸிலோ, வாடகைக்குக் கிடைக்கும் சிறு மின்வண்டியிலோதான் போய்வர வேண்டும். குடிலினுள் ஒரு சிறு படுக்கையறை, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு கட்டில்கள், இழுத்தால் படுக்கையாகும் ஒரு சோபா என ஆறு பேர் படுக்க இடமிருந்தது. அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரங்கள் எல்லாம் இருந்தன. வெளியே மரப்பலகை பாவிய ஒரு முகப்பு; நம் திண்ணையின் தங்கை என்று சொல்லலாம். குளியலறை மட்டும் ஒன்றே ஒன்று.

ஒற்றைக் குளியலறை முதல் நாள் எங்களுக்குப் பெருங்குறையாகத் தோன்றிற்று. பிறகு பார்த்தால், அதனால்தான் குடும்பத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. யார் முன்னால் எழுவது, யார் அடுப்பைப் பார்ப்பது, யார் குழந்தைக்குத் தலை வாரிவிடுவது என்றெல்லாம் பேசிக்கொண்டால் ஒழிய ஆறு பேர் ஒரு காலையைக் கடக்க முடியாது. பேச்சே இல்லாமல் ஒரு மாளிகையில் வாழ்ந்துவிடலாம். சிறு குடிலில் அது இயலாது.

முதல் இரவே ஒரு கலவரமும் நேர்ந்தது. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் கருகிய அந்தக் கணத்தில் கூரையிலிருந்த தீயறிவிப்பு மணி அலறத் தொடங்கிற்று. பேரன் முறத்திற்குப் பதிலாக ஒரு தலையணையை எடுத்து விசிறினான். பேத்தி கதவைத் திறந்தாள். மருமகள் அடுப்பை அணைத்தாள். மணி ஓய்ந்த பிறகு அறுவரும் சிரித்த சிரிப்பு நெடுநேரம் அடங்கவில்லை. அதுவரை பத்து நாளாக விருந்தாளிகளாக இருந்த நாங்கள் அன்றுதான் வீட்டு மனிதர்களானோம்.

மறுநாள் எல்லாரும் ஏரியில் படகேறிப் பூங்காவுக்குச் சென்றோம். அங்கே கண்ட கோட்டைகளையும் சுழல்வண்டிகளையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றைப் படங்களில் கண்டிருப்பீர்கள். எங்களில் பாட்டிக்கு முழங்கால் நோவு உண்டு. ஒரு நாள் நடையிலேயே கால் வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவர் குடிலிலேயே தங்குவதாக முடிவாயிற்று. அப்பொழுது பேத்தி யாரும் எதிர்பாராத விதமாக, “நானும் பாட்டியோடு இருக்கிறேன்” என்றாள். அவள் ஒரு வாக்கியம் முழுவதையும் தமிழில் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்று பகல் முழுதும் அவ்விருவரும் என்ன செய்தார்கள் என்பதை நாங்கள் மாலையில்தான் அறிந்தோம். கடையில் வாங்கிய அரிசிமாவைக் கொண்டு முகப்புப் பலகையில் பாட்டி கோலம் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த குழந்தை, எல்லா வீட்டிலும் இப்படிப் போடுவார்களா என்று கேட்டிருக்கிறாள். அங்கிருந்து பேச்சு விற்றுப்போன வீட்டிற்குச் சென்றிருக்கிறது. ஒரு தாளில் பாட்டி அந்த வீட்டைக் கோடிட்டுக் காட்ட, குழந்தை ஒவ்வோர் இடத்தின் பெயரையும் கேட்டுக் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறாள்: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை. கூடத்தில் யார் யார் எங்கே படுத்துக்கொள்வார்கள் என்றும் கேட்டு, நீளக் கோடுகளாக ஒவ்வொருவரையும் வரைந்திருக்கிறாள். வரிசையில் ஏழாவது கோடு அவளுடைய தந்தை. தன் தந்தையும் ஒருகாலத்தில் பதினொரு குழந்தைகளோடு ஒரே தரையில் உறங்கியவர் என்பது அவளுக்குப் பெரிய புதினமாக இருந்தது. அந்தத் தாளைக் கண்ட எங்கள் மகன் அதை வாங்கிக்கொண்டு முகப்பில் போய் உட்கார்ந்தவன் நெடுநேரம் உள்ளே வரவில்லை.

அந்தக் கோலம் அன்றிரவே இன்னோர் உபகாரமும் செய்தது. எங்களில் தாத்தா, வழி தெரியும் என்ற துணிவில், உண்ட பின் தனியே உலாவப் போனார். திரும்பி வரும்போது வளையங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, குடில்களும் அப்படியே. துவாரகாவில் ஒரு செக்டரிலிருந்து அடுத்த செக்டருக்குள் நுழைந்துவிட்டு, ஒரே அச்சில் வார்த்த கட்டடங்களுக்கிடையே திகைத்து நின்ற முதல் மாதம் நினைவுக்கு வந்தது. குடிலின் எண்ணும் மறந்துவிட்டது. கைப்பேசியும் உள்ளே இருந்தது. அரைமணி நேரம் அலைந்த பின், ஒரு முகப்பில் வெள்ளைக் கோலம் தெரிந்தது. எண் எழுதிய பலகையைவிட அது தெளிவாக இருந்தது.

அதே இரவு ஏரியில் விளக்கு அலங்காரம் பூண்ட மிதவைகள் இசையோடு வரிசையாகச் சென்றதைக் கரையில் நின்று கண்டோம். 1971 முதல் நடந்துவரும் காட்சியாம். மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று தெப்பம் சுற்றிவருவதைப் பேரனுக்குச் சொன்னோம். அவன் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவனுக்குப் பூங்காவின் வேகவண்டிகளே உலகம். ஆனால் நான்காம் நாள் அவனே களைத்துப்போய், இன்று எங்கும் வேண்டாம் என்றான். முகப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் கட்டம் வரைந்து, பைன் காய்களைப் புலியாகவும் கூழாங்கற்களை ஆடாகவும் வைத்து ஆடுபுலி ஆட்டம் ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் அவன் எங்களை வென்றான்.

பக்கத்திலிருந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். அந்த வாரத்தில் வரும் நன்றியறிதல் நாளன்று அமெரிக்கர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பெற்றோரைத் தேடி வருகிறார்கள். எங்கள் அண்டையில் ஒரு மூதாட்டியைச் சுற்றி மூன்று தலைமுறையினர் கூடி உண்டார்கள். முகாமில் மாலைதோறும் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடும்போது, குச்சியில் குத்தி வாட்டும் ஒருவகை வெண்மிட்டாயை எங்களுக்கும் நீட்டினார்கள். அதில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் சேர்வதால் புலால் உண்ணாத நாங்கள் மறுக்க நேர்ந்தது. காரணத்தைச் சொன்னோம், அந்த அம்மையார் வருந்தாமல் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கறிவேப்பிலையின் கதையை நினைத்துக்கொண்டு அதை மரியாதையோடு வாங்கி உண்டோம்.

இனி, குறைகளையும் சொல்லவேண்டும். இத்தகைய குடில்களின் வாடகை மிக உயர்ந்தது. விடுமுறை வாரங்களில் இன்னும் ஏறும். பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். பூங்காவின் நுழைவுக் கட்டணமோ தலைக்குத் தனி. மேற்கட்டிலில் ஏறவும் தாழ்ந்த படுக்கையிலிருந்து எழவும் முதியோர்க்கு இயலாது. யாருக்கு எந்தப் படுக்கை என்பதை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம். ஏரியில் முதலை உண்டு என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கரையோரம் தனியே விடலாகாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஊரில் தெருவில் நடந்தால், “நீ இன்னார் பேரன் அல்லவா?” என்று கேட்க ஒருவர் இருப்பார். குடிலில் அப்படிக் கேட்பார் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கோலத்தை நாங்களே கழுவித் துடைத்துவிட்டுச் சாவியை ஒப்படைத்தோம். மாலையில் வேறு ஒரு குடும்பம் அங்கே வந்திருக்கும். சொந்த ஊருக்கு வாடகைக் குடில் ஈடாகும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஆனால் ஊர் வீட்டில் எங்களைச் சேர்த்து வைத்தது எது என்பது குடிலில்தான் எங்களுக்கு விளங்கிற்று. ஒன்றாய் உண்பதும், இடம் போதாமல் நெருங்கிப் படுப்பதும், வேலையைப் பங்கிட்டுக்கொள்வதுமே அதைச் செய்தன. அவற்றை வேறோர் இடத்திலும் சில நாள் அமைத்துக்கொள்ளலாம். அதற்காக அமெரிக்கா போகவேண்டும் என்பதில்லை. பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லா போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் தங்கும் விடுதிகள் உண்டு. ஏற்காட்டிலும் குற்றாலத்திலும் அடுப்போடு கூடிய வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்குவது நம் பழைய வழக்கமே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளையாட்டுகள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாமா, நாமே சமைக்கலாமா, காலோய்ந்த முதியவரும் உட்கார்ந்து பேச ஒரு திண்ணையுண்டா என்று பார்க்க வேண்டுகிறோம். அந்த முதியவரோடு தங்கிவிட ஒரு குழந்தை விரும்பினால், அதன் நுழைவுச்சீட்டு வீணாயிற்றே என்று வருந்தவேண்டாம்.

துவாரகாவுக்குத் திரும்பியதும் உடன்பிறந்தார் நால்வருக்கும் எழுதினோம். வருகிற ஆனி மாதத்தில் குற்றாலத்தில் இரண்டு வீடுகள் எடுப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருவதாகப் பதில் வந்துவிட்டது. மற்ற இருவரின் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம். மகனுக்கு விடுப்புக் கிடைப்பது உறுதியில்லை. பேத்தி வரைந்த தாள் எங்களிடம் இருக்கிறது. கூடத்தில் இன்னும் யாருடைய கோடு விடுபட்டிருக்கிறது என்று அத்தைமார்களையும் சித்தப்பாவையும் கேட்டு வரச் சொல்லி, அவள்தான் எங்களிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.